சாம்பார்க் குண்டானின் மூடி

தப்பாகச் சொல்லிவிடுவோம் என்கிற பயம் ஒச்சம்மாளுக்குப் பேரையூரில் பஸ் ஏறும்போதே பிடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் பதினாலாம் நம்பர் அறைக்கு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு அதுவும் பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டது. எதிலிருந்து ஆரம்பிப்பது. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து நல்லா இருக்கேன் தாயி என்று சொன்னால் அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியைச் சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்னவோ. சொல்லாமல் விட்டால் அந்த டாக்டரம்மா அப்படியே எழுதிக்கொள்ளும், எழுதினது எழுதினதுதான். பரவாயில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. ரெண்டாம் தடவை வந்தபோது அப்படிச் சொல்லப்போய் டாக்டரம்மா நிலோபர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. "பரவாயில்லைங்கிறத நான் எந்தக் கட்டத்துலம்மா எழுதுவேன்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை குண்டான் மூடியத் திறந்து பாக்குறீங்க, அதச் சொல்லுங்க. அதுதான் எனக்கு வேணும்." முப்பது வயசுகூட இருக்காது. முக்காட்டுக்கு மேலே கழுத்துக் குழாயைப் போட்டுக்கொண்டு, ஒச்சம்மாள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி ஆட்டி எழுதும். தான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்வது என்பது ஐம்பத்தோரு வயசில் இப்போதுதான் நடக்கிறது. அதனால்தான் இவ்வளவு பயம். கதவைத் திறந்து நர்ஸ் முப்பத்தி நாலு என்றாள். ஒச்சம்மாளின் டோக்கன் நாற்பத்தி ஒன்று. நடுவில் இன்னும் ஆறு பேர். அதற்குள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடலாம், வைக்க முடிந்தால்.

மடியில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் தேதிக் காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்டு போட்டு. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலில் ஒரு எண். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாகச் சமையல்காரி அவள். எண்பத்தாறு பிள்ளைகள். ஆறாவதோடு நின்றவளுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் வேலை என்று தலையில் எழுதியிருந்தது போல. பத்தொன்பது வருஷத்தில் அவள் சோற்றைத் தின்று ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததில்லை, அதை எந்த ஆபீசரிடமும் நிமிர்ந்து சொல்லுவாள். ஆனால் எங்கோ ஒரு ஊரில் சாம்பாரில் பல்லி கிடந்தது என்று ஹெட்மாஸ்டர் ஒரு நாள் பேப்பரைச் சத்தமாக வாசித்தார் பாருங்கள், அன்றைக்கு அந்தப் பல்லி இவள் தலைக்குள் வந்து விழுந்தது. குண்டானை மூடினால் உள்ளே ஏற்கெனவே விழுந்திருக்குமோ என்று தோன்றும். திறந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. மூடுவாள். திறந்து வைத்திருந்த அந்த நொடியில் மேலே ஓட்டிலிருந்து விழுந்திருந்தால்? அதற்காக மறுபடி திறக்க வேண்டும். திறந்ததற்காகத் திறக்க வேண்டும், அதற்காக இன்னொரு தடவை. இது எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியும், எங்கேயும் முடியாது. கை மட்டும் மூடியின் காதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், விரல் நுனியெல்லாம் வெந்து காய்த்துப்போனது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கண்ணால் பார்த்தேன், வால் தெரிந்தது என்று ஒரு குண்டான் சாம்பாரையும் முருங்கை மரத்தடியில் கவிழ்த்துவிட்டாள். எண்பத்தாறு பிள்ளைகளும் தட்டோடு ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றன. கவிழ்த்ததை அப்புறம் குச்சியால் கிளறிப் பார்த்தார்கள், கத்தரிக்காய்க் காம்புதான் கிடந்தது. ஒன்றியத்திலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் தவமணி, லாரியை நிறுத்திவிட்டு, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கூட்டிவந்தான். இரவு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் அவன் தங்கச்சியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஒச்சம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்க மதினிக்குச் சுகர் என்று சொல்லிவிட்டான். ரெண்டு வருஷம் கழித்து நிஜமாகவே சுகர் வந்தது.

அந்தத் தங்கச்சி முத்துப்பிள்ளை இப்போது பக்கத்தில்தான் இருக்கிறாள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் தேய்த்து, தோலை ஊதிக்கொண்டு. சர்க்கரை நோய்ப் பிரிவுக்குத் துணைக்கு வந்ததாக அவள் நினைப்பு. அறையும் அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள், அதிலும் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டு உடம்பு போட்டவர்கள், அவர்களுக்கு வாரம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி இது என்பது அவளுக்குத் தெரியாது. "இந்தா மதினி, ரெண்டு கடலை வாயில போடு." வேண்டாம்த்தா. "வேண்டாமாம். போன வருசம் இந்நேரம் பொட்டலத்தோட புடுங்குவ. எட்டுக் கிலோ கொறஞ்சுட்ட, எங்கண்ணே லோடு எறக்கிட்டு வந்து யாரு இந்தப் பொம்பளன்னு வாசல்லயே நிக்கப் போறாரு பாரு." எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "சிரிக்காதீக, நெசந்தான்," என்று முத்துப்பிள்ளை அவரையும் சேர்த்துக்கொண்டாள். "மொதல்ல ஊசி போட்ட மாசம் தாளிப்பு வாடையே ஆகல இவளுக்கு. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால போயி ஓங்கரிக்கிறா. ஊரே மாசமா இருக்கான்னு பேசிருச்சு, ஐம்பது வயசுல. நானும் எதுக்கும் இருக்கட்டும்னு புளியங்கா பறிச்சு வச்சேன்." ஒச்சம்மாளுக்கும் சிரிப்பு வந்தது. வந்தவுடனே நின்றது. இப்போது மணி பத்தே முக்கால். இவள் லீவு என்பதால் கூடத்தில் உதவிக்கு இருக்கும் பாண்டியம்மாள் மட்டும். பருப்பு வெந்திருக்கும். புளியை ஊற்றியிருப்பாள். மூடியை ஒழுங்காகப் போட்டிருப்பாளா. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த மூடி, கரண்டிக் காம்பு இடறும், அதை உள்ளே தள்ளிவிட்டு அமுக்க வேண்டும், அதைச் சொல்லிவிட்டு வந்தோமா இல்லையா. முப்பத்தி ஆறு என்று நர்ஸ் கூப்பிட்டாள். இப்படி யோசிப்பதும் ஒரு மூடியைத் திறப்பதுதானே, இதற்கும் ஒரு புளியங்கொட்டை போட வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள்.

புளியங்கொட்டை அவளே கண்டுபிடித்தது. டாக்டரம்மா எண்ணச் சொன்னதும், அடுப்படியில் நிற்கிறவளுக்குப் பேனாவும் நோட்டும் எங்கே தோதுப்படும், புளி கரைக்கும்போது எடுத்த கொட்டைகளை ஒரு பக்கம் குவித்து, ஒரு தடவை திறந்தால் ஒரு கொட்டை டம்ளருக்குள். பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் எண்ணி அன்றைய தாளில் எழுதுவாள். மார்கழியில் நாற்பது, நாற்பத்தி மூன்று, முப்பத்தெட்டு. ஊசி போட்டு ரெண்டாவது மாதம் அது. வாரா வாரம் சனிக்கிழமை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வயிற்றில் போடுவாள், எறும்பு கடித்த மாதிரி. முதலில் வயிறுதான் அடங்கியது. அதுவரை தனக்குள் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்ததே ஒச்சம்மாளுக்குத் தெரியாது. மிஞ்சின சோறு இருக்கு, அவிச்ச முட்டை ரெண்டு இருக்கு, தின்னு, தின்னாச்சா, வீட்டில் போய் என்ன தின்னலாம், கருப்பட்டி இருக்கு. பத்து நாள் திருவிழாவுக்குக் கட்டின குழாய் ரேடியோ பதினோராம் நாள் காலையில் நின்றுபோனால் ஊர் எப்படி இருக்கும், தூரத்தில் ஒரு ஆடு கத்துவதுகூடக் கேட்குமே, அப்படி ஒரு நாள் ஆகிப்போனது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்குப் பசிக்கவில்லை என்று பாண்டியம்மாளிடம் சொன்னபோது கண் கலங்கியது, அவள் புகை என்று நினைத்தாள். அதற்குப் பின்னால், தை பிறந்த பிறகு, மெதுவாகப் பல்லியும் அடங்கியது. டம்ளரில் கொட்டைகள் குறைந்தன. இருபத்தொன்று. பதினாறு. ஒன்பது. மாசி பிறந்தபோது நாலு. பிறகு மூன்று. மூன்றுதான் நியாயம், கொதி வந்ததா பார்க்க ஒன்று, உப்புப் பார்க்க ஒன்று, இறக்கும்போது ஒன்று. ஒரு சாதாரணச் சமையல்காரி திறக்கிற தடவை. போன மாதம் அந்தத் தாள்களைப் பார்த்த டாக்டரம்மா சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மனசுக்குள் தினமும் ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைப்பாள். "சுகருக்கும் உடம்பு குறையவும் குடுக்குற மருந்தும்மா இது. மனசுக்கும் உதவுமாங்கிறது எங்களுக்கே இன்னும் தெரியாது. சில பேருக்கு உதவுற மாதிரித் தெரியுது, சில பேருக்கு ஒண்ணுமில்ல. உங்கள மாதிரி ஆளுங்க சொல்றத வச்சுத்தான் நாங்க தெரிஞ்சுக்கணும்." எங்களுக்கே தெரியாது. இத்தனை மாடி, இத்தனை வெள்ளைக்கோட்டு, இவர்களுக்குத் தெரியாத ஒன்று ஆறாவதோடு நின்ற ஒச்சம்மாளின் டம்ளரில் இருக்கிறது.

அந்தப் பெருமைதான் காலை வாரியது. மாசிப் பச்சைக்குக் குலசாமி கோயிலுக்குப் போனார்கள், சிவராத்திரி, விடிய விடியக் கண் விழிக்க வேண்டும். இரவு மாத்திரை போட்டால் பத்து மணிக்கெல்லாம் ஆளைச் சாய்த்துவிடும். சாமி முன்னால் குறட்டை விட்டால் முத்துப்பிள்ளை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். ஒரு நாள்தானே என்று போடவில்லை. மறுநாள் கூடத்தில் மூன்று கொட்டை. போடாமலே மூன்று. அப்படியென்றால் ஊசியே போதும், சாமியும் அதைத்தான் காட்டிக்கொடுத்தது என்று தோன்றியது. அன்றைக்கும் போடவில்லை. ஆறு வருஷமாக அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்துத் தின்ற மாத்திரை, இனி ஒளிக்க ஒன்றுமில்லை, சுகர் மட்டும்தான், சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிட்டது என்று தலை நிமிர்ந்து நடந்தாள். ரெண்டு வாரம் அப்படிப் போனது. மூன்று, மூன்று, ரெண்டு, மூன்று. பிறகு ஒரு நாள் ஆறு. அன்றைக்குக் கூரையில் எலி ஓடியது, அதனால் என்று நினைத்தாள். அதற்கு அடுத்த நாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவள் நிமிர்த்தி வைக்கவில்லை. எண்ணாமல் விட்டால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். விரலுக்குத் தெரியும், நுனி மறுபடி எரிகிறது. இன்றோடு சிவராத்திரி கழிந்து இருபத்து மூன்று நாள், கடைசி எட்டுத் தாளில் எண் இல்லை. முந்தாநாள் குண்டானின் காதுகளைத் துணியால் பிடித்தாள். முருங்கை மரம் இருக்கும் பக்கம் பார்த்தாள். பாண்டியம்மாள் "அக்கா" என்று கூப்பிட்டாளோ, பிழைத்தது. கூப்பிடாமல் இருந்திருந்தால் எண்பத்தாறு தட்டும் மறுபடி வெயிலில் நின்றிருக்கும், ஒன்றியத்திலிருந்து இந்தத் தடவை விளக்கம் கேட்க மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

முப்பத்தி ஒன்பது. ஒச்சம்மாள் எதிரே இருந்த பெரியவரிடம் பேனா கேட்டு வாங்கினாள். கவரைப் பிரித்து, கடைசி எட்டுத் தாள்களையும் மடியில் வைத்துக்கொண்டாள். எட்டு மூன்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. எழுதிவிட்டால் ஊசி நிற்காது. டாக்டரம்மா சந்தோஷப்படும். வீட்டுக்குப் போய் ரகசியமாக மாத்திரையை மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். ஒரு தாளில் மூன்று எழுதினாள். நீல மை, மற்றதெல்லாம் பென்சில். எழுதின மூன்று, எட்டு மாதிரி இருந்தது. இரண்டாவது தாளில் அழுத்தி எழுதினாள். "என்னா மதினி, பரீட்சை எழுதுற?" என்று முத்துப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். சுகர் அளவு என்றாள். "மூணா? என்னத்தா இது, செத்துப்போனவளுக்குக்கூட இதவிட அதிகமா இருக்குமே." எழுதின கை அப்படியே நின்றது. பெஞ்சைப் பார்த்தாள். சுவரோரமாக ஒரு பெண், இருபத்தைந்து வயசிருக்கும், மாத்திரை ஊதிய கன்னம், வளையலை மேலே தள்ளுவதும் கீழே இறக்குவதுமாக, அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பிடித்து வைக்கிறாள். இந்த மூன்றைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு ஊசி போதும், மாத்திரை வேண்டாம் என்று எழுதினால்? அவள் வீட்டில் எந்தக் குண்டானைக் கவிழ்ப்பாளோ. வால் தெரிந்தது என்று சொன்னபோது ஒச்சம்மாள் பொய் சொல்லவில்லை, பயம் காட்டியதைச் சொன்னாள். இது அப்படியில்லை. இது காம்பென்று தெரிந்தே வால் என்று எழுதுவது. நாற்பத்தி ஒன்று, ஒச்சம்மாள் யாரு, என்றாள் நர்ஸ். நாற்பதாம் நம்பர் வரவில்லையாம்.

உள்ளே டாக்டரம்மா தாள்களை மேஜையில் மாதவாரியாகப் பரப்பியது. ஃபேன் காற்றில் பறக்காமல் அவற்றின் மேல் கல்லும் ஸ்டேப்ளரும் வைத்தது. பரப்பிவிட்டு எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து நரைத்த டாக்டர் ஒருவரைக் கூட்டிவந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "புளியங்கொட்டையா?" என்று கேட்டார். ஆமாங்கய்யா. "எங்ககிட்ட வர்ற வாத்தியார்களே இப்படி ஒழுங்கா எழுதுனதில்லம்மா," என்றார். ஒச்சம்மாளுக்குக் காதுமடல் சூடானது. ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் பெஞ்சு மேல் நிற்கவைத்த நாளும், ஒன்றியத்திலிருந்து வந்த காகிதமும், எல்லாம் ஒரு ஓரமாகப் போய் ஒதுங்கி நின்ற மாதிரி இருந்தது. இங்கேயே இப்படியே எழுந்து போய்விட்டால் என்ன. இந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போய்விடலாம், செத்தாலும் இந்தச் சொல் கூட வரும். டாக்டரம்மாவின் கை நீல மூன்றுக்குப் பக்கத்தில் வந்தது, அதைத் தாண்டியும் போனது. பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று.

"அந்த ரெண்டு மூணும் இப்பத்தான் வெளிய உக்காந்து எழுதுனேன் தாயி," என்றாள். "அது பொய்யி. மத்தது அத்தனையும் நெசம்." ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலிருந்து அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்து, சிவராத்திரி, அரிசிப் பானை, கவிழ்த்து வைத்த டம்ளர், முந்தாநாள் குண்டானைத் துணியால் பிடித்தது என்று பின்னுக்கு முன்னாக வந்தது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "சாகணும்னு ஏதாவது தோணுச்சாம்மா?" "அதெல்லாம் இல்ல தாயி. மூடிதான்." "மாத்திரைய நிறுத்தின பிறகும் எத்தனை நாள் மூணுலயே நின்னுச்சு?" அவள் சொன்னாள். நரைத்த டாக்டரும் டாக்டரம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஊசி எவ்வளவு தாங்குச்சு, மாத்திரை எவ்வளவு தாங்கிக்கிட்டிருந்துச்சு, இத நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார் அவர். "இதுவும் முழுசா ஒண்ணையும் நிரூபிக்காது. ஆனா இனிமே இப்படிச் சொந்தமா ஆராய்ச்சி பண்ணாதீங்க. ஆராய்ச்சி எங்க வேல, எண்ணுறது உங்க வேல." ஊசி நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கவில்லை. மாத்திரையை இன்றைக்கு ராத்திரியிலிருந்து பாதியாக ஆரம்பித்து, அடுத்த வாரம் முழுசு. டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டது, "ராத்திரி மாத்திரைய எடுத்துக் குடுக்க வீட்டுல யாரும்மா இருக்கா? இனி நீங்களா எடுத்துக்குற மாதிரி வேண்டாம்."

தவமணி நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டிருப்பான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் முத்துப்பிள்ளையின் குரல் கேட்டது, பெரியவரிடம் ஏதோ கதை, பெரியவர் இருமி இருமிச் சிரிக்கிறார். இவளிடம் சொன்னால் நாளைக்குக் குழாயடியில் நாலு குடத்தில் நிரம்பும். நிரம்பட்டும். பானைக்குள் ஒளித்த மாத்திரையை ஏன் தின்னவில்லை என்று யாரும் கேட்டதில்லை. இருபத்து மூன்று நாளில் ஒருத்தி ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஊருக்குத் தெரிந்தால் ஒரு வாரம் பேசும், ஒரு குண்டானைக் கவிழ்த்தால் வேலையே போகும். அது மட்டுமில்லை, படித்தவர்களே குனிந்து பார்க்கிற எண்களை எழுதினவள் இவள், எதை ஒளிக்க வேண்டும். ஒச்சம்மாள் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, கதவைத் திறந்தாள். "முத்துப்பிள்ள, இங்கிட்டு வாத்தா." கடலைத் தோலைத் தட்டிக்கொண்டு வந்தவளைத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். இவ எங்க நாத்துனா, பக்கத்து வீடுதான் என்று டாக்டர்களுக்குச் சொன்னாள். பிறகு நின்றபடியே, குரலைத் தணிக்காமல், "ஆறு வருசமா நான் மனசுக்கு மாத்திரை சாப்புடுறேன். உங்கண்ணே சுகர்னு சொன்னது எனக்காகச் சொன்ன பொய்யி. இந்த மாசம் நானா நிறுத்திக் கெட்டேன். இனிமே அது உன் வீட்டுல இருக்கட்டும், நீதான் எனக்கு எடுத்துக் குடுக்கணும், நான் முழுங்குறத நின்னு பாக்கணும்," என்றாள். முத்துப்பிள்ளை டாக்டரம்மாவைப் பார்த்தாள், மேஜையில் பரப்பியிருந்த தாள்களைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்கு மதினி?" என்று கேட்டாள். ஒன்பது மணிக்கு என்றாள் ஒச்சம்மாள். மாத்திரைச் சீட்டை நாலாக மடித்து நாத்தனாரின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள்.